தாப்பாவுக்கு மாற்றல்

பேராக் மாநில வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுங்காய் வட்டாரம், ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் காய்கறித் தோட்டத்தைப் பார்வையிட, கல்வி இலாகாவின் நாஜிர் என்னும் பள்ளி ஆய்வாளர் அவர்கள் 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு நேரில் எழுந்தருளுவார் என்பதே அச்செய்தி. மாணவர்கள் நகம் வெட்டி வர வேண்டும். பெற்றோர் ஆடு மாடுகளைக் கட்டிப்போட வேண்டும். எந்தக் கோழியும் பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. தலைமையாசிரியர் மரியஜோசப் தம் கைப்பட எழுதி, தொழிலாளர் லயத்துத் தண்ணீர்க் குழாயருகே ஒட்டிய அறிவிப்பில் இப்படிப் பன்னிரண்டு கட்டளைகள் இருந்தன. அன்று காலை யாரும் சாகக் கூடாது என்று பதின்மூன்றாவதாக ஒன்றை எழுத அவர் மறந்துவிட்டார். பள்ளித் தோட்டக்காரர் பிச்சைமுத்து ஏழு மணிக்குக் கத்தரிப் பாத்தியில் குப்புற விழுந்து செத்துப்போனார்.

நல்லம்மாள் புருஷனின் கால்விரல் இடுக்குகளில் இருந்த சேற்றை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் பெரிய வாத்தியார் மரியஜோசப்பும்தான் அவரைத் தூக்கி வந்து, தோட்டத்தை ஒட்டிய பலகை வீட்டுக்குள் பாயில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு தண்ணீர் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்த காண்டாக் கம்பு தோளில் பதித்த சிவப்புக் கோடு இன்னும் மறையவில்லை. மரியஜோசப் சேர்த்து வைத்திருந்த பல சான்றிதழ்களில் முதலுதவியும் ஒன்று. நாடி பார்த்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"நல்லம்மா, நடந்தது நடந்துருச்சு. ஆண்டவன் சித்தம். இப்ப நீ ஒண்ணு யோசிக்கணும்."

"மகளுக்குச் சொல்லணும்யா. புந்தோங்குல இருக்கா. ஆபீஸ் போன்ல சொல்லி..."

"அதுக்குத்தான் வாரேன். ஆபீஸ்ல சொன்னா கணக்கெழுதுற கிராணிக்குத் தெரியும். கிராணிக்குத் தெரிஞ்சா காட்டுல பால் வெட்டுற அத்தன பேருக்கும் தெரியும். கத்தியப் போட்டுட்டு ஓடி வருவாங்க. தப்படிக்க ஆள் வந்துரும். நாஜிர் காடிய விட்டு எறங்கும்போது எழவு வீடு."

நல்லம்மாள் துணியைப் பிழிந்தாள்.

"இந்த வீடு தோட்டக்காரன் வேலைக்குக் குடுத்த வீடு. இனி வேலை காலி. அடுத்த மாசம் வேற ஆள் வந்து நிப்பான். நீ எங்க போவ?"

அந்தக் கேள்வி, கத்தரிப் பாத்தியில் அவரைப் புரட்டிப் போட்ட நிமிஷமே அவளுக்குள் வந்துவிட்டது. லயத்தில் வீடு பால் வெட்டுகிறவர்களுக்குத்தான். அவள் பால் வெட்டை விட்டு ஒன்பது வருஷம். மகள் வீட்டில் ஒரே அறை. அதில் மாமியார், இரண்டு கொழுந்தன்மார், கைப்பிள்ளை.

மரியஜோசப் குரலைத் தாழ்த்தினார். "நாஜிருக்குத் தோட்டம் பிடிச்சுப்போச்சுன்னா இங்கயே கையெழுத்து வாங்கிருவேன். தற்காலிகத் தோட்டக்காரர், பேரு நல்லம்மாள். விண்ணப்பப் பாரம் என் மேசையில இருக்கு. சாவு வீடுன்னு தெரிஞ்சுதுன்னு வையி, தொப்பியத் தொட்டு அனுதாபம் சொல்லிட்டு அப்படியே காடியத் திருப்பிருவாரு. அப்புறம் ஆள எங்க பிடிக்கிறது? போன வருசம் கேட்ட சாக்பீஸே இன்னும் வரலலா."

"எத்தன மணி வரைக்கும்யா?"

"பதினொண்ணு. பதினொண்ணே காலுன்னு வச்சுக்க. அது வரைக்கும் அழக் கூடாது."

பிறகு அவர் துக்கத்தையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். தலைமாட்டில் விளக்கு ஏற்றலாம். ஊதுபத்தி கூடாது, காற்று தோட்டத்துப் பக்கம் அடிக்கிறது. தாடையைக் கட்டலாம், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டலாம். அவை சத்தமில்லாத காரியங்கள். கதவு சாத்தியிருக்க வேண்டும். நல்லம்மாள் எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். ஏன் அசைத்தாள் என்று யோசிக்கப் பின்னால் நிறைய நாள் கிடைக்கும். அந்த நேரத்தில் தலைக்கு மேலிருந்த தகரம் மட்டும்தான் யோசனையில் இருந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. அதன் பெயர் கருப்பம்மாள்.

பிச்சைமுத்துவின் அக்காள் அவள். தாலியறுத்த பிறகு தம்பியோடுதான் இருந்தாள். ஏழாங்கட்டையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஒப்பாரி அவளுடையது. அவள் குரலெடுத்தால் சுங்காய் ஸ்டேசனில் மெயில் வண்டி தயங்கி நிற்கும் என்பார்கள். ஆற்றில் துணி துவைத்துவிட்டு ஏழரை மணிக்கு வாசலில் வந்து நின்றாள். பாயைப் பார்த்தாள். துணி வாளி கீழே விழுந்தது. வாய் திறந்தது. அதற்குள் நல்லம்மாளின் உள்ளங்கை அந்த வாயை அடைத்துக்கொண்டது.



"என் தம்பிடி," என்று விரல்களின் ஊடாக வந்தது.

"தெரியும்க்கா. பதினொரு மணி வரைக்கும் பொறுத்துக்குங்க."

"சாவுக்கு என்னாடி டைம்டேபிளு?"

"வீடு போயிரும்க்கா. எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் சேத்துத்தான்."

கருப்பம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு சொட்டு கண்ணீரக் காணோம். நீயெல்லாம் என்ன பொம்பள?" என்றாள். ஆனாலும் கொடியில் கிடந்த தம்பியின் துண்டை உருவி, நுனியைச் சுருட்டி, வாய்க்குள் திணித்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷமாக ஊரார் பிணத்துக்கெல்லாம் திறந்த வாய் அது.

ஒன்பதரைக்கு மரியஜோசப் மறுபடியும் வந்தார். இந்த முறை கழுத்தில் டை இருந்தது. கையில் நான்கு பக்கத்தில் வரவேற்புரை, சுத்தமான மலாயில், ஒரு மாதம் பாடுபட்டு எழுதியது. உள்ளே பார்த்து முகம் சுளித்தார்.

"என்னாம்மா இப்படி நிக்கிற? நல்ல சேலையா கட்டு. பொட்டு பெருசா வையி. பூ இருக்கா?"

"பூ எதுக்குய்யா?"

"நீதான் தோட்டத்தச் சுத்திக் காட்டணும். கையெழுத்து உனக்குத்தான. ஆள் எப்படின்னு அவரு பாக்க வேணாமா? பிச்சைமுத்துவுக்குக் காய்ச்சல். அவ்வளவுதான்."

கருப்பம்மாள் துண்டை எடுத்தாள். "எழவு விழுந்த வீட்டுக்காரி கொடிக்குள்ள நடந்தா பிஞ்செல்லாம் வெம்பிப்போயிரும், வாத்தியாரே."

"அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. இது விஞ்ஞான யுகம்." வாசல் வரை போனவர் திரும்பினார். "எத்தன நாள்ல வெம்பும்?"

"மறுநாளே."

"அப்பப் பரவால்ல."

நல்லம்மாள் மல்லிகைச் செடியில் ஒரு கொத்து கிள்ளித் தலையில் செருகிக்கொண்டாள். சாவு வீடென்று கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்ததால் பொட்டை விரலால் தடவிப் பார்த்து வைத்தாள். நடுவில்தான் இருக்கிறதா என்று கருப்பம்மாளிடம் கேட்க முடியவில்லை.

தோட்டம் நன்றாகத்தான் இருந்தது. முப்பத்திரண்டு பாத்தி. அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டம் என்று வீட்டுக்கு வீடு காய்கறி நடச் சொன்னதும், பாத்திக்கு ஒரு குடும்பம் என்று பிரித்துப் பலகையில் பெயர் எழுதி நட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோத்தோங் ரோயோங், கூட்டு உழைப்பு என்று எல்லாரும் வந்து ஒரு மணி நேரம் மண் கொத்துவார்கள், இரண்டு மணி நேரம் பேசுவார்கள். மிச்ச ஆறு நாளும் பிச்சைமுத்துவும் நல்லம்மாளும்தான். நுழைவில் ஒரு பெரிய பலகை: 'பசுமைப் புரட்சி இங்கே தொடங்குகிறது.' அதன் கீழே தலைமையாசிரியரின் பெயர். தோட்டத்தில் விளைந்த எந்தப் பூசணிக்காயையும் விட அந்த எழுத்து பெரிது.

நாஜிர் இஞ்சே சுலைமான் பத்து இருபத்தைந்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர். தலையில் கறுப்புச் சொங்கோக் தொப்பி. காரின் பின்பக்கத்தைத் திறந்து ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் மரியஜோசப்புக்கு வியர்த்தது. நிழலில் நின்று பார்த்துவிட்டுப் போகிற அதிகாரிக்காகத்தான் அவர் தயார் செய்திருந்தார். வரவேற்புரையை விரித்தார்.

"நந்தி, செகு," என்று நாஜிர் கையைக் காட்டினார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வாத்தியாரே. சொல்லிவிட்டுப் பாத்திக்குள் இறங்கிவிட்டார்.

நல்லம்மாள் முன்னால் நடந்தாள். சந்தையில் பேசும் பாசார் மலாய் அவளுக்குத் தடையில்லாமல் வரும். என்ன உரம்? ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல். அசுவினிக்கு? புகையிலைத் தண்ணி. வெண்டைக்கு ஏன் இவ்வளவு இடைவெளி? காற்று போக. நாஜிர் குனிந்து மண்ணை விரலில் நசுக்கினார், முகர்ந்தார். அவளும் ஒவ்வொரு பாத்தியாக நகர்ந்தாள். ஒவ்வொரு நகர்விலும் பலகை வீடு கொஞ்சம் பக்கத்தில் வந்தது. கத்தரிப் பாத்தியில் ஒரு ஆள் நீளத்துக்குச் செடிகள் நசுங்கிக் கிடந்தன.

"இங்க என்ன?"

"மாடு படுத்துருச்சு, துவான்."

மரியஜோசப் பின்னால் நின்று மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

அடுத்த பாத்திக்கு நாஜிர் தானாகவே போனார். அங்கே எட்டு முட்டைக்கோசுகள் வரிசை பிசகாமல் நின்றன. முந்தின நாள் சாயங்காலம் மரியஜோசப் பீடோர் சந்தையிலிருந்து வாங்கி வந்து, மண்ணைக் குவித்து நிறுத்தி வைத்தவை. இந்தச் சூட்டில் கோஸ் வராதுய்யா, கேமரன் மலைக்குத்தான் போகணும் என்று பிச்சைமுத்து அப்போதே சொல்லியிருந்தார். நாஜிருக்குத் தெரியவா போகிறது என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

நாஜிர் ஒரு கோஸைத் தொட்டார். அது பானை மூடி போலக் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தார். அடியில் கத்தியால் வெட்டிய வெள்ளைத் தண்டு.

வகுப்பறையிலிருந்து வாய்ப்பாடு கேட்டது. மரியஜோசப் வரவேற்புரையின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டி, அதில் இதற்கு விடை எழுதியிருப்பது போலத் தேடினார்.

வீடு போச்சு என்று நல்லம்மாள் நினைத்தாள். பொய் சொல்லிப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. இருந்த பொய்யையெல்லாம் வேறு ஒன்றுக்குச் செலவு செய்துகொண்டிருந்தாள்.

"இத்து பெலி, துவான்," என்றாள். இது கடையில் வாங்கினது. "பீடோர் பாசார்ல. மத்ததெல்லாம் நாங்க போட்டது."

நாஜிர் கோஸைப் பார்த்தார், மரியஜோசப்பைப் பார்த்தார், கோஸை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்து மண்ணை அணைத்தார். பிறகு சிரித்தார். பல பள்ளிகள் பார்த்த சிரிப்பு. "போன வாரம் ஒரு பள்ளியில ஆப்பிள் காட்டுனாங்க," என்றார்.

அந்த நேரத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, துணியில் மோதி, நீளமாக இழுத்து நின்றது.

"அது என்ன?"

"ஆடு," என்றார் மரியஜோசப்.

"என் நாத்தனாருக்குப் பல்வலி, துவான்," என்றாள் நல்லம்மாள் அதே நேரத்தில்.

நாஜிர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்டை விடப் பல்வலி நம்பும்படி இருந்திருக்க வேண்டும். "கிராம்பு வைக்கச் சொல்லு," என்றார்.

பயற்றங்கொடிப் பந்தலின் நிழலுக்கு வந்ததும் அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். முப்பது பள்ளித் தோட்டம் பார்த்தாயிற்று, இவ்வளவு நல்ல மண் எங்கும் இல்லை என்றார். மரியஜோசப்பின் மார்பு டையைத் தூக்கிக்கொண்டு உயர்ந்தது. இப்படிப்பட்ட கை இந்தச் சின்னப் பள்ளியில் கிடக்கக் கூடாது என்று நாஜிர் தொடர்ந்தார். தாப்பாவில் ஒரு பெரிய பள்ளி இருக்கிறது, மூன்று ஏக்கர் வெறும் நிலம். ஏப்ரல் முதல் தேதி பிச்சைமுத்து அங்கே வேலைக்கு வந்துவிட வேண்டும். கல் வீடு, மின்சாரம் உண்டு.

மார்பு இறங்கியது.

"அவருக்கு... காய்ச்சல்," என்றார் மரியஜோசப்.

"ஏப்ரலுக்குள்ள சரியாயிரும். என்னம்மா, உன் புருசன் வருவாரா?"

சொல்லிவிடலாம் என்று நல்லம்மாளுக்குத் தோன்றியது. செத்தார் என்பதற்கு ஒரே ஒரு சொல்தான், மலாயில் இரண்டு எழுத்து. அது நாக்கின் நுனி வரை வந்தது.

"அவரக் கேக்கணும், துவான்," என்றாள்.

"கேட்டுட்டு வா. நிக்கிறேன்."

அவள் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கருப்பம்மாள் கமுகு மட்டையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வாயில் துண்டு, கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. காலையிலிருந்து அவர் பக்கத்தில் சும்மா உட்கார நல்லம்மாளுக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது உட்கார்ந்தாள். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது. காலைத்தான் துடைத்திருந்தாள், கையை மறந்துவிட்டாள்.

"ஏங்க," என்றாள். "தாப்பாவுக்கு மாத்துறாங்களாம். போறீங்களா?"

கருப்பம்மாளின் கையில் மட்டை நின்றது.

பிச்சைமுத்து எதற்கும் உடனே பதில் சொல்கிறவர் இல்லை. கேட்டால் தொண்டையைச் செருமுவார், கூரையைப் பார்ப்பார், வேட்டியை இறுக்குவார், அப்புறம்தான் வாய் திறப்பார். இருபத்தாறு வருஷமாக அந்த இடைவெளி அவளுக்குப் பழக்கம். இப்போதும் அந்த நேரம் முழுவதும் காத்திருந்தாள். ஒரு ஈ வந்து அவர் நெற்றியில் உட்கார்ந்தது. அதை ஓட்டிவிட்டு எழுந்தாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது.

"போறேங்கிறாரு," என்றாள்.

மரியஜோசப் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"இந்த வேலை காலியாகுதுல்ல, துவான்? அத எனக்குக் குடுங்க. நான் இங்கயே இருந்து பாத்துக்கிறேன்."

"புருசன் அங்க, நீ இங்கயா?"

"பழகிக்கணும், துவான்."

நாஜிர் சிறிது யோசித்தார். கோஸ் விஷயத்தில் உண்மை பேசிய பெண் என்று நினைத்திருக்கலாம். கையை நீட்டினார். பாரம் மரியஜோசப்பின் சட்டைப் பையில் வியர்வையில் நனைந்து நான்காக மடிந்திருந்தது. கையெழுத்துப் போட அடியில் வைக்க ஏதாவது கேட்டார் நாஜிர். கையில் வேறெதுவும் இல்லாததால் வாத்தியார் வரவேற்புரையைக் கொடுத்தார். அந்த உரை அன்று செய்த ஒரே உபயோகமான காரியம் அது.

பதினொன்று பத்துக்குக் கார் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. அது ரப்பர் மரங்களுக்குள் மறையும் வரை மரியஜோசப் கையாட்டினார். பிறகு திரும்பினார்.

"சாவு பதினொண்ணே காலுக்குன்னு எழுதப் போறேன். நீயும் எல்லாருகிட்டயும் அதையே சொல்லணும், பெத்த மகளா இருந்தாலும். கையெழுத்து முன்னால, சாவு பின்னால. மாறுச்சுன்னா எனக்கும் போச்சு, உனக்கும் போச்சு." பாரத்தை அவள் கையில் வைத்தார். "இனிமே அழலாம்மா."

பள்ளிக்கூடம் விட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

கருப்பம்மாள் துண்டை உருவினாள். குரலெடுத்தாள். வரவில்லை. வெறும் காற்றும் இருமலும் வந்தன. "தண்ணி குடு," என்றாள். இரண்டு வாய் குடித்தாள். மறுபடியும் எடுத்தாள். இந்த முறை வந்தது. பால் வெட்டிவிட்டு வாளியோடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் மூன்றாம் டிவிஷனிலேயே நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. ஆள் வந்தது, தப்பு வந்தது. பாடைக்கு மூங்கில் வேண்டும் என்றபோது, காலையில் ஒரு கோழியைக் கூட உள்ளே விடாத மரியஜோசப், பயற்றம் பந்தலைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று தாராளமாகச் சொன்னார். இரங்கலுரையும் அவரே ஆற்றினார். அதே நான்கு பக்கம், மலாயில். 'தோட்டம்' என்று வந்த இடத்திலெல்லாம் 'பிச்சைமுத்து' என்று போட்டுக்கொண்டார். பிச்சைமுத்து முப்பத்திரண்டு பாத்திகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதாகக் கூறியபோது யாருக்கும் புரியாததால் எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள்.

மகள் வீரம்மா நாலரை மணிக்குத்தான் வந்து சேர்ந்தாள். இடுப்பில் பிள்ளை. அப்பா மேல் விழுந்து அழுது, ஓய்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு அம்மா பக்கம் நகர்ந்தாள்.

"எத்தன மணிக்கும்மா?"

"பதினொண்ணே கால்."

வீரம்மா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். "உங்களப் பாக்க வரலாம்னு காலையில எட்டு மணி பஸ்ஸுக்குப் பையெல்லாம் எடுத்து வச்சேம்மா. பிள்ளைக்குச் சளின்னு மாமி வேணாம்னாங்க. அதுல ஏறியிருந்தா பதினொண்ணுக்கு வந்திருப்பேன். உயிரோட பாத்திருப்பேன்ல?"

கருப்பம்மாளின் ஒப்பாரி நடுவில் நின்றது. நல்லம்மாள் மடியிலிருந்த பாரத்தைச் சேலைக்கு மேலாகத் தொட்டாள்.

"ஏம்மா, பாத்திருப்பேன்ல?"

"மொகத்தப் பாரு," என்றாள் நல்லம்மாள். "தூக்கப் போறாங்க."

வீரம்மா பார்த்தாள். நால்வர் குனிந்து பாடையைத் தோளுக்கு ஏற்றினார்கள். அவசரத்தில் வெட்டிய மூங்கிலில் கொடி அப்படியே சுற்றியிருந்தது. இரண்டு மூன்று பயற்றங்காய்கள் தொங்கி ஆடின. யாரும் பறிக்கவில்லை.

ஏப்ரல் முதல் தேதி தாப்பாவில் வேலைக்கு வராததற்கு விளக்கம் கேட்டு, ஐந்தாம் தேதி பிச்சைமுத்துவுக்குக் கடிதம் வந்தது.